உழுவையா, உளுவையா?

வகுப்பில் ஒரு நாள் ழகர ளகர வேறுபாட்டை நடத்திக் கொண்டிருந்தோம். மதுரைச் சீமையில் இந்தப் பாடத்தை நடத்துவது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை இங்கே ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள் அறிவார்கள். 'வாழைப்பழம்' இந்தப் பக்கத்தில் 'வாளப்பளம்' ஆகி எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. நாம் மட்டும் என்ன, பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிவிட்டால் கடைக்காரரிடம் அப்படித்தான் கேட்கிறோம். கரும்பலகையில் 'உழுவை' என்று எழுதி, இதற்குப் பொருள் என்ன என்று கேட்டோம். பழந்தமிழில் அது புலிக்குப் பெயர். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மீன், ஐயா!" என்றான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

பையன் உட்காரவில்லை. "நிஜமாகத்தான் ஐயா! எங்கள் தாத்தா வண்டியூர்க் கண்மாயிலே பிடிப்பார். தலை தட்டையாக இருக்கும்" என்றான். அது உளுவை, ளகரம் போட்டு எழுதவேண்டும், புலி வேறு மீன் வேறு என்று விளக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனோம். இலக்கணம் அத்துடன் முடிந்தது. ஆனால் மணி அடித்து வெளியே வந்தபோது நமக்கு ஒரு வெட்கம் உண்டாயிற்று. திமிங்கலம் எத்தனை அடி நீளம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவோம். வடதுருவத்துக் கரடி எதைத் தின்னும் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கண்மாயில் வாழும் உளுவையை நாற்பது வயது கடந்தும் நாம் கண்கொண்டு பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மாட்டுத்தாவணி என்றதும் வெளியூர் நேயர்களுக்குப் பேருந்து நிலையந்தான் நினைவுக்கு வரும். 1999-ஆம் ஆண்டில் அந்த நிலையம் திறக்கப்பட்ட பிறகு பெயரின் பொருளையே ஊர் மறந்துவிட்டது. தாவணி என்பது பல மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் கயிறு. அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. மாடு இருந்தால் தண்ணீர் இருந்தாக வேண்டும். சுற்றுப்புறத்து ஊர்ப்பெயர்களைக் கவனித்தாலே இந்தப் பூமியின் பழைய ஜாதகம் விளங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் உலகநேரி, பெயரிலேயே ஏரியைச் சுமந்து நிற்கிறது. தெற்கே சற்றுத் தள்ளி வண்டியூர்க் கண்மாய், பல நூறு ஏக்கர் பரப்பில் கிடக்கிறது. வடக்கே மேலூர் சாலையில் போகப் போக இரு மருங்கிலும் கண்மாய்கள்தாம். ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தச் சங்கிலியைக் கட்டியவர்கள் நெல்லுக்காகக் கட்டினார்கள். ஆனால் வாய்க்கால் வழியாக நீர் மட்டுமா போகும்? மீனும் போயிற்று.

கண்மாய்க் கரையில் பையனுடைய தாத்தா கருவேல நிழலில் குந்தியிருந்தார். "வாங்க வாத்தியாரய்யா! பேரன் சொன்னான். புலியைப் பார்க்க வந்தீங்களா?" என்று வரவேற்றார். வகுப்பில் நடந்த கூத்து அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

அவர் எங்களைக் கண்மாயின் ஆழமான பகுதிக்கு அழைத்துப் போகவில்லை. வரத்துக் கால்வாய் வந்து சேரும் இடத்தில், முழங்கால் அளவு நீர் தேங்கி நின்ற ஒரு மணற்பள்ளத்துக்கு அழைத்துச் சென்றார். "பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். பார்த்தோம். மணல்தான் தெரிந்தது. குச்சியால் மெல்ல ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு முன்னால் மணலில் ஒரு துண்டு எழுந்து, ஒரு சாண் தூரம் பாய்ந்து, மறுபடியும் மணலாகிவிட்டது. பிள்ளைகள் கைகொட்டி ஆரவாரித்தார்கள். பிறகு பழைய வேட்டித் துணியை நீருக்குள் விரித்து, இரண்டு பையன்கள் இரு முனையையும் பிடித்துக்கொள்ள, அவர் காலால் கலக்கி ஓட்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

நம் நடுவிரல் நீளந்தான் இருந்தது. மங்கலான மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். விலாவில் வரிசையாக ஐந்தாறு கருந்திட்டுகள். தலை மேலிருந்து அமுக்கியது போல் தட்டை. கண்கள் இரண்டும் பக்கவாட்டில் இராமல் உச்சிக்கு ஏறியிருந்தன. தரையோடு கிடப்பவனுக்குப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மேலே போகும் இரையையும் மேலிருந்து இறங்கும் கொக்கையும் பார்த்தால் போதும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னே துருத்திக்கொண்டிருந்ததனால் முகத்தில் ஒரு நிரந்தரமான பிடிவாதம். நமக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியரின் சாயல் இருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை.

ஆனால் அதிசயம் அதன் வயிற்றுப்புறத்தில் இருக்கிறது. ஏனைய மீன்களுக்கு வயிற்றின் கீழ் இரண்டு துடுப்புகள் தனித்தனியே இருக்கும். உளுவைக்கு அவ்விரண்டும் ஒன்றாய் இணைந்து ஒரு சிறு கிண்ணம் போலாகியிருக்கின்றன. நீரோட்டம் இழுக்கும்போது அந்தக் கிண்ணத்தைத் தரையில் பதித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். கோபி என்று விஞ்ஞானிகள் அழைக்கும் பெருங்குடும்பத்துக்கு இதுவே குலச்சின்னம். அந்தக் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் இரண்டாயிரம் இனங்கள் உண்டு. பெரும்பான்மை கடலிலும் கழிமுகத்திலும் வாழ்வன. ஹவாய்த் தீவுகளில் இக்கிண்ணத்தின் உதவியால் நூற்றுக்கணக்கான அடி உயரமுள்ள அருவிப் பாறையிலே செங்குத்தாக ஏறும் கோபிகளும் இருக்கின்றன. நம் பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளித் திரியும் மீன்களும் இவர்களுக்கு உறவுமுறையே. உளுவை அவ்வளவு சாகசம் செய்வதில்லை. கிண்ணத்தைப் பதித்துக்கொண்டு, வாய்க்காலில் வெள்ளம் வரும் வரையில் காத்திருக்கிறது. வெள்ளம் வந்தால் அடுத்த கண்மாய்க்குக் குடிபெயர்கிறது.

சாஸ்திரத்தில் இதன் பெயர் குளோஸோகோபியஸ் ஜியூரிஸ். குளோஸோ என்றால் கிரேக்க மொழியில் நாக்கு. நாக்கின் நுனி இரண்டாகப் பிளவுபட்டிருப்பதனால் நாக்குக் கோபி என்றாயிற்று. இதை உலகத்துக்கு முதலில் எழுதி அறிவித்தவர் பிரான்ஸிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர். கும்பினியாரின் உத்தியோகத்தில் இருந்து, கங்கையிலும் அதன் கிளைகளிலும் உள்ள மீன்களை ஆராய்ந்து 1822-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வழக்கத்தில் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தது. பல மீன்களுக்கு வங்காளத்துச் செம்படவர்கள் வழங்கிய பெயர்களையே எடுத்து, லத்தீன் வால் ஒன்றை ஒட்டவைத்து, சாஸ்திரப் பெயராக்கிவிட்டார். ரோகு, கட்லா, மிர்கால் மீன்களின் சாஸ்திரப் பெயர்களுக்குள் இன்றும் அந்த வங்காளச் செம்படவர்களின் குரலைக் கேட்கலாம். பிற்பாடு சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்த பிரான்ஸிஸ் டே என்பவர், 1875 முதல் 1878 வரையில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய சித்திர நூலொன்றை வெளியிட்டு, மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துப் பதித்தார். கண்டுபிடித்தவர்கள் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறவர்கள் எல்லோரும், கரையில் குந்தியிருந்த யாரோ ஒரு தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டவர்களே. தாத்தாக்களின் பெயர்தான் அட்டையில் வரவில்லை.

பிள்ளைகள் கெஞ்சியதன்மேல் அந்த ஒரு மீனைக் குடத்தில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுவந்து, மணல் பரப்பிய கண்ணாடித் தொட்டியில் விட்டோம். துணைக்கு இருக்கட்டும் என்று ஆறு சின்னக் கெண்டைக் குஞ்சுகளையும் விட்டது நம்முடைய யோசனை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் மூன்று கெண்டைகளே இருந்தன. யார் திருடினார்கள் என்று வகுப்பில் பெரிய விசாரணை நடந்தது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்து அவன் அழுதும்விட்டான். அப்போது தொட்டியருகே நின்ற ஒரு பெண் "ஐயா!" என்று கூவினாள். மணல் எழுந்தது, நான்காவது கெண்டையின் வால் உளுவையின் வாயோரத்தில் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அழுத பையனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். பெயரில் ழகரம் இல்லாவிட்டாலும் தொழிலில் புலிதான் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

உண்மையும் அதுவே. நீரடியில் வாழும் பூச்சிப் புழுக்கள், கூனி இறால், சிறு மீன்கள் இவையே இதன் ஆகாரம். பசி வந்தால் தன் இனத்துக் குஞ்சையும் விடாது. காட்டில் புலி இருந்தால் மான் இருக்கிறது, மான் இருந்தால் புல் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம் அல்லவா? சேறும் மணலும் சுத்தமாக இருந்து, அதில் புழுவும் கூனியும் செழித்திருந்தால்தான் உளுவைக்கு வயிறு நிறையும். அடித்தரை கெட்டுப் போயிற்றென்றால் தப்பி மேலே போய் நீந்த அது கெண்டை இனம் அல்ல.

இதே மீன் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் நம் நாடு, இலங்கை, கீழைத் தீவுகள் வழியாக ஆஸ்திரேலியா வரையில் பரவியிருக்கிறது. உப்பு நீரும் அதற்கு ஆகும், நல்ல நீரும் ஆகும். கழிமுகத்தை அடுத்த ஆறுகளில் இருப்பவை கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும். வைகைக்கரை உளுவைக்கு அந்தப் பாக்கியம் அரிது. 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகை, கடலைத் தொடுவதற்கு முன்பே ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையும் பிற மதகுகளும் இடையிலே நிற்கின்றன. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய பிறகு, மேலூர்ப் பக்கத்து நஞ்சைகளுக்கு மேற்கு மலைக்கு அப்பாலிருந்து நீர் வருகிறது. மீனுக்கு அந்தப் பூகோளம் தெரியாது. மடையும் மறுகாலும் தெரியும்.

இன்னொரு குணத்தையும் சொல்லவேண்டும். மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரித்துக் குஞ்சாக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. அங்கயற்கண்ணி உலகத்தைக் கண்ணாலேயே காக்கிறாள் என்பதற்கு அதைத்தான் உவமை சொல்லுவார்கள். கோபிக் குடும்பத்தில் அந்தக் காவலைச் செய்வது பெரும்பாலும் தந்தை. கல்லின் அடியிலோ கிளிஞ்சலிலோ தாய் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். தந்தை பக்கத்திலேயே கிடந்து, துடுப்பால் நீரை விசிறிக்கொண்டு, வருகிறவர்களை விரட்டிக்கொண்டிருக்கும். இதைக் கேட்ட மாணவிகள் மாணவர்களைப் பார்த்த பார்வையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சமையலறையில் உளுவைக்குப் பெரிய கௌரவம் கிடையாது. மதுரையில் கௌரவம் முழுவதும் அயிரைக்கே. அயிரையை உயிரோடு வாங்கிவந்து, தேங்காய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, புளிக் குழம்பு வைப்பதை ஒரு வேள்வி போல் செய்கிறார்கள். உணவு விடுதிகளின் பலகைகளில் அதன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. உளுவை கண்மாய்க் கரைக் குடிசைகளின் மீன். "முள் கம்மி, பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்" என்றார் தாத்தா. மாட்டுத்தாவணியை ஒட்டிய மீன் அங்காடியில் ஒரு விடியற்காலை சுற்றிப் பார்த்தோம். கடல்மீன் பெட்டி பெட்டியாக இருந்தது. கட்லாவும் ரோகுவும் மலைபோல் இருந்தன. ஜிலேபி கூடை கூடையாக இருந்தது. உளுவை இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அது எங்கே சார் இப்போ" என்றார்.

அந்த ஜிலேபியின் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது. அது நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு, பல நாடுகளைச் சுற்றி, 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். அது கிடைத்ததையெல்லாம் தின்னும். எந்த நீரிலும் பிழைக்கும். முட்டைகளைத் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதனால் குஞ்சுகள் அதிகம் தப்பும். ஆண்டில் பல தடவை இனம் பெருகும். இவ்வளவு வரங்களைப் பெற்றவன் வந்து இறங்கினால் பழைய குடிகளின் கதி என்ன ஆகும்? இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத கண்மாயைத் தேடவேண்டும். அதன் பின்னால் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு வந்தது. வளர்க்கக் கூடாதென்று தடை இருந்தும் ஊருக்குள் நுழைந்துவிட்டது. போதாக்குறைக்கு, மீன் வளர்ப்புக் குட்டைகளில் கட்லா, ரோகுக் குஞ்சுகளை விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றி, உள்ளேயிருக்கும் நாட்டு மீன்களைக் கொன்றுவிடுவது ஒரு முறையாக இருக்கிறது. அப்படிக் கொல்லப்படுபவற்றுக்குக் 'களை மீன்' என்று பெயர். வயலில் வேண்டாத செடிக்குக் களை என்று பெயர் வைக்கலாம். யார் விதைத்த வயல் என்று பார்க்கவேண்டாமா?

பிலிப்பைன்ஸ் நாட்டில் பூஹி என்றொரு ஏரி இருக்கிறது. அதில் சினராபன் என்ற கோபி வாழ்கிறது. முழு வளர்ச்சியிலும் அரை அங்குலத்தை ஒட்டிய நீளந்தான். 1902-ஆம் ஆண்டில் சாஸ்திரத்தில் ஏறியது. உலகத்தில் மக்கள் பிடித்துத் தின்னும் மீன்களில் இதைவிடச் சிறியதில்லை என்று புகழ்பெற்றது. ஏரியிலே மிக நுண்ணிய வலைகளைப் போட்டு வாரியதும், வெளியிலிருந்து வேறு மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயின. பிறகுதான் ஊரார் விழித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள சிறு ஏரிகளில் வைத்து அந்த இனத்தைக் காப்பாற்ற முற்பட்டார்கள். நம் உளுவைக்கு அந்த ஆபத்து இல்லை என்பார்கள். உண்மைதான், உலகத்துச் செம்பட்டியலில் அது கவலைக்குரிய இனமாக இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிறைய இருக்கிறதாம். வண்டியூர்ப் பையனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது. ஏழு குன்றுகள், அவற்றைச் சுற்றி ஏராளமான கண்மாய்களும் சுனைகளும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வந்ததும் ஊர்கள் திரண்டன. மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாட்களில் மேடைகளில் பேசியவர்கள் குடைவரைக் கோயிலைப் பற்றிப் பேசினார்கள், தமிழிக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்கள், கழுகுகளைப் பற்றிப் பேசினார்கள். உளுவைக்காக யாரும் பேசியதாக நாம் கேட்கவில்லை. ஆனால் கண்மாய் தப்பினால் அதுவும் தப்பும்.

அதே மேலூர்ப் பக்கத்தில் கோடையில் கண்மாய்கள் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியும் முன்பே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரை நிறைய ஜனங்கள் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒருசேர இறங்குவார்கள். ஜாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பிடித்தவருக்கே மீன். அன்று எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே வாசனையாக இருக்கும். தாத்தா தம் இளமையில் அப்படிப் பிடித்த மீன்களை விரல் விட்டு எண்ணினார்: விரால், குரவை, கெளுத்தி, அயிரை, கெண்டை, உளுவை, விலாங்கு. "இப்போ ஊத்தாவைக் கவிழ்த்தா ஜிலேபி, ஜிலேபி, ஜிலேபி" என்று மூன்று விரலை மடக்கினார்.

பத்து நாள் கழித்து உளுவையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதென்று தீர்மானித்தோம். கெண்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்பதும் ஒரு காரணம். எங்கே விடுவது என்பதில் பிள்ளைகளுக்குள் விவாதம் எழுந்தது. திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தில் விட்டால் புண்ணியம் என்றான் ஒருவன். எடுத்த இடத்திலேயே வைப்பதுதான் முறை என்றோம்.

எடுத்த இடத்துக்குப் போனோம். இடம் இல்லை. வரத்துக் கால்வாயின் ஓரத்தில் எங்கிருந்தோ இடித்த கட்டடத்தின் செங்கலும் காரையும் சுமையுந்துகளில் கொண்டுவந்து கொட்டப்பட்டிருந்தன. மணற்பள்ளம் இருந்த இடத்தில் உடைந்த ஓட்டுச் சில்லும், பாதி நனைந்த சிமெண்டு மூட்டை ஒன்றும் கிடந்தன. பத்து நாளுக்கு முன் நாம் கோட்டுக்கு முன்னால் பாயப் பார்த்தவை எத்தனை என்று எண்ணி வைத்திருக்கவில்லை. பையன் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா ஒன்றும் சொல்லாமல் அந்தக் குவியலின் மேல் ஏறி, அப்பால் நீர் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அன்று மாலையே சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு எழுதிப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஒரு பிள்ளை 'உழுவை' என்று எழுதியிருந்ததைத் திருத்திக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை.

"மடைப் பக்கம் தண்ணி தெளிஞ்சு கிடக்கு, வாங்க" என்று தாத்தா கரையோடு நடந்தார். ஆகாயத்தாமரை மூடாமல் ஒரு கீற்றளவு நீர் அங்கே தெரிந்தது. பையன் குடத்தைச் சாய்த்து, மீனை உள்ளங்கையில் வாங்கி, கையை நீருக்குள் தாழ்த்தினான். அது உடனே போகவில்லை. கிண்ணத்தைப் பதித்துக்கொண்டு சிறிது நேரம் அவன் கையிலேயே இருந்தது. பிறகு இறங்கி மணலில் படிந்தது.

"எங்கேடா?" என்று பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்கினார்கள்.

"அதோ, கண் மட்டும் தெரியுது பாருங்க ஐயா" என்றான்.

குனிந்து பார்த்தோம். இரண்டு கண்கள் தெரிந்தன. அதற்குள் ஒரு ஜிலேபி அந்தப் பக்கமாக நீந்தி வந்து, மணலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. கண்கள் அசையவில்லை.